விண்டர் டயர் போட்ட பின்சக்கர வண்டியில் கியூபெக் பனிக்குள்

பிப்ரவரி 2, ஸ்கார்பரோ

மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற இரண்டு இருக்கை வண்டியை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நவம்பர் பிறந்ததும் அதைக் கராஜுக்குள் தள்ளி, உறை போட்டு மூடி, ஏப்ரல் வரை மறந்துவிடுவார்கள். என் எம்எக்ஸ்-5ஐத் தவிர வீட்டிலிருந்த இன்னொரு வண்டியை டிசம்பரில் விற்றுவிட்டதால் இந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு, கியூபெக் மாகாணத்தின் ஷார்லெவ்வா மலைப்பகுதியில் ஒரு விடுதிக்கு என் மனைவி கோடையிலேயே முன்பணம் கட்டியிருந்தார். பேருந்தில் போகலாமே என்றார்கள் நண்பர்கள். எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றும் இப்படிப்பட்ட வண்டியைப் பனியில் ஓட்டுவது தற்கொலைக்குச் சமம் என்று ஒருவர் கையெழுத்துப் போடாத குறையாகச் சொன்னார்.

ஆனாலும் பனிக்கால டயர், அதாவது விண்டர் டயர், போட்டுக்கொண்டு அதே வண்டியில் கிளம்புவது என்று முடிவு செய்தோம். டயர் மாற்றிக் கொடுத்தவர் டொராண்டோ நகரின் ஸ்கார்பரோவில் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும் விண்டர் டயர் போட்டால் போதுமா என்று எனக்கு முன்னால் நின்ற ஒருவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "தம்பி, எஞ்சின் பின்னுக்குத்தானே தள்ளுது, பின் சில்லுக்குப் போட்டாக் காணும் எண்டு கனபேர் வந்து நிப்பினம். நான் போட்டுக் குடுக்க மாட்டன். வெளிக்கிடுறது பெரிய விசயமில்லை. நிப்பாட்டுறதும் திருப்புறதும் முன் சில்லுதான்."

என் வண்டியில் இருந்தவை 205/45 அளவில் (அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம்) 17 அங்குலக் கோடைக்கால டயர்கள். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அந்த ரப்பர் விறைக்கத் தொடங்கும்; கடுங்குளிரில் அதன் மேற்பரப்பு வெடித்துப்போகவும் கூடும் என்பதால், உறைநிலைக்குக் கீழே ஓட்டாதீர்கள் என்று டயர் நிறுவனங்களே எச்சரிக்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு 195/50 அளவில் 16 அங்குல ரிம்மும் டயரும் போட்டோம். இதுவும் இந்த வண்டியின் அடிப்படை மாடலுக்குத் தொழிற்சாலையே கொடுக்கும் அளவுதான். டயர் ஒடுங்கினால் வண்டியின் எடை குறைந்த பரப்பில் விழும், ஆகவே அது சேற்றுப் பனியின் மேல் மிதக்காமல் அதைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். பக்கவாட்டுச் சுவர் சற்று உயரமாக இருப்பதால், பனிக்கடியில் மறைந்திருக்கும் குழியில் விழுந்தாலும் ரிம் தப்பிக்க வழியுண்டு. பனியில் சோதித்துத் தேறிய டயருக்கான முத்திரை, அதாவது மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் பொறித்த படம், இருக்கிறதா என்று கடைக்காரர் நான்கு டயரையும் திருப்பிக் காட்டினார். நான்கு டயர், நான்கு பழைய ரிம், கூலி, 13 சதவீத வரி எல்லாம் சேர்த்து 1,500 டாலருக்குச் சற்று மேல் ஆனது. விண்டர் டயர் போட்டால் எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு; 2016 முதல் எல்லா நிறுவனங்களும் அதைக் கொடுத்தாக வேண்டும். கிடைக்கும் தொகை டயர் விலைக்கு முன்னால் சில்லறைதான்.

பிப்ரவரி 3, போர்ட் ஹோப் வழியாக மாண்ட்ரியல்

வண்டியின் டிக்கி 130 லிட்டர். இரண்டு துணிப்பை, ஒரு மடக்கு ஷவல், நட்டு போதிய அளவு இறுகியதும் ஒலி எழுப்பும் டார்க் ரென்ச், மனைவியின் பனிக்காலணி ஆகியவற்றோடு அது நிரம்பிவிட்டது. மாற்று டயருக்கு இந்த வண்டியில் இடமே கிடையாது. பசை அடைக்கும் குப்பியும் சிறு காற்று பம்பும்தான் தொழிற்சாலை கொடுத்த பரிகாரம். முறுக்கும் அதிரசமும் இருந்த பை மனைவியின் மடிக்குப் போனது.

ரிம் மாற்றினால் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும். போர்ட் ஹோப் கிட்டத்தட்ட அந்தத் தொலைவில் இருந்ததால் 401 நெடுஞ்சாலையைவிட்டு இறங்கி ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். வெளியே மைனஸ் 14. பின் இடது சக்கரத்தில் இரண்டு நட்டுகள் ரென்ச் 'டிக்' என்று ஒலிக்கும் முன் கால் திருப்பு நகர்ந்தன; மற்றவை அசையவில்லை. காற்றழுத்தத்தைப் பார்த்தால், சூடான கடைக்குள் 29 பி.எஸ்.ஐ. வைத்து அனுப்பிய டயர்களில் இப்போது 24தான் இருந்தது. ஏறத்தாழ ஐந்தரை டிகிரி குளிர்ந்தால் ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும் என்பது கணக்கு. ஆகவே இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நிலையத்தின் காற்று இயந்திரம் இரண்டு டாலரை விழுங்கியபின் குழாய் உறைந்திருக்கிறது என்று காட்டியதுதான் எரிச்சல். பக்கத்தில் பிக்கப் வண்டியில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்காமலேயே தன் சிறு கம்ப்ரஸரை எடுத்துவந்து, நான்கு டயருக்கும் காற்றடித்து முடிக்கும்வரை கையுறை இல்லாமல் நின்றார். அதிரசம் ஒன்றை வாங்கிக்கொண்டார், இரண்டாவதை வேண்டாம் என்றார்.

கிங்ஸ்டனைத் தாண்டும்வரை சாலை காய்ந்தே கிடந்தது, ஆனால் லாரிகள் கிளப்பிய உப்புத்தூசி கண்ணாடியில் படிந்துகொண்டே இருந்தது. மைனஸ் 40 வரை உறையாத கண்ணாடி கழுவும் திரவம் ஊரில் நான்கு டாலர், நெடுஞ்சாலைக் கடையில் எட்டு டாலர். காய்ந்த சாலையில் புது விண்டர் டயரின் குணம் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பியபின் வண்டி ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புகிறது. ரப்பர் மென்மையானது, அதன் கட்டைகளில் சைப் எனப்படும் மெல்லிய கீறல்கள் நிறைய, ஆகவே நெளியத்தான் செய்யும். முதல் சில நூறு கிலோமீட்டர்கள் மெதுவாக ஓட்டச் சொல்லியிருந்ததால் 105க்கு மேல் போகவில்லை.

மாண்ட்ரியலில் விறகடுப்பில் சுட்ட பேகல் என்ற வளைய ரொட்டி வாங்கித் தெருவிலேயே நின்று சாப்பிட்டோம். எள் ஒட்டிய சூடான பேகல் மைனஸ் 17இல் இரண்டு நிமிடத்தில் கல்லாகிவிடுகிறது.

பிப்ரவரி 4, நெடுஞ்சாலை 20

மாண்ட்ரியலிலிருந்து கியூபெக் நகரம் ஏறத்தாழ 255 கிலோமீட்டர். டிரம்மண்ட்வில்லைச் சுற்றி இரு பக்கமும் தட்டையான வயல்வெளி. காற்று தரையோடு பனிப்பொடியை அள்ளிச் சாலையின் குறுக்கே ஓடவிடுகிறது. சாலை எது, வயல் எது என்பது முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைக் கொண்டுதான் தெரிந்தது. பத்து மணிக்குமேல் மேலிருந்தும் பனி கொட்டத் தொடங்கியது.

இங்கேதான் டயர் தன் விலையைச் சொல்லத் தொடங்கியது. இரண்டு தடங்களுக்கு நடுவே அரை அடி அகலத்துக்குச் சேற்றுப் பனி வரம்பாகக் கிடக்கிறது. தடம் மாறும்போது முன்சக்கரம் அதில் ஏறும், பின் பின்சக்கரம் ஏறும். பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது என்பதால் அந்த நொடியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் சட்டென்று விட்டாலும் வால் ஆடும். மிதித்த அளவிலேயே காலை வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை மெல்ல நகர்த்தினால் வண்டி ஒரு சிறு குலுக்கலோடு அந்தப் பக்கம் இறங்குகிறது. வழுக்கும் வண்டியைத் தானே நேராக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டின் விளக்கு ஓரிரு முறை மினுக்கியது, வேறொன்றும் ஆகவில்லை.

டிரம்மண்ட்வில்லைக் கடந்து சிறிது நேரத்தில் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறத் தொடங்கியது. வேகம் ஏற ஏற உதறலும் ஏறியது. "ஏங்க, சக்கரம் கழன்றுவிடாதே?" என்று மனைவி கேட்டார். அடுத்த நிலையத்தில் ஒதுங்கி நட்டுகளைப் பார்த்தேன், அசையவில்லை. பக்கத்து லாரியின் ஓட்டுநர், அறுபது வயதிருக்கும், இறங்கிவந்து என்னையும் வண்டியையும் பார்த்துவிட்டு ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து ஏதோ சொன்னார். பிறகு சொல்வதைவிடச் செய்வது எளிது என்று நினைத்தாரோ என்னவோ, மண்டியிட்டுத் தன் துடைப்பக் கட்டையை ரிம்மின் ஆரங்களுக்கு இடையே விட்டு நெம்பினார். ரிம்மின் உட்புறக் குழிவில் ஒட்டியிருந்த பனி, தார்ச்சாலை அழுக்கோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில், உள்ளங்கை அகலக் கட்டியாகக் கழன்று விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன்; ரிம்மின் வளைவு அதில் அப்படியே பதிந்திருந்தது, ஒரு பக்கம் மூன்று விரற்கடை தடிப்பு, மறுபக்கம் ஒன்றுமில்லை. அந்த எடை வித்தியாசம்தான் சக்கரத்தின் சமநிலையைக் கெடுத்திருக்கிறது. நான்கு சக்கரத்தையும் சுரண்டியபின் 100இல் வண்டி அமைதியாக ஓடியது.

அதே நிலையத்தில் பூட்டீன் சாப்பிட்டோம்: 14 டாலர், ஒரு தட்டு இருவருக்குப் போதும். உருளைக்கிழங்கு வறுவலின் மேல் சூடான குழம்பு, அதன்மேல் பற்களுக்கிடையே கீச்சிடும் சீஸ் கட்டிகள். குழம்பு மாட்டிறைச்சிச் சாற்றில் செய்தது என்பதால் மரக்கறி உண்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். காளான் குழம்பு சில கடைகளில் உண்டு.

பிப்ரவரி 5, கியூபெக் நகரம்

இந்த மாகாணத்தில் பதிவான வண்டிகளுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். சட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தபோது டிசம்பர் 15 என்றிருந்த தேதியை 2019இல் முன்னுக்கு இழுத்தார்கள். ஒன்டாரியோ எண் பலகை உள்ள எங்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் சட்டத்தைவிடக் கண்டிப்பானவர்கள் இந்த ஊர் மக்கள். விடுதியின் வரவேற்பாளர், பெட்ரோல் நிலையப் பையன், வாசலில் பனி வாரிக்கொண்டிருந்த பெண் என்று யார் வண்டிக்கு அருகே வந்தாலும் முதலில் குனிந்து டயரைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் "இதில் எப்படி வந்தீர்கள்?" என்ற சிரிப்பு.

காலையில் ஆளில்லாத ஒரு பெரிய வாகன நிறுத்தத்தில் அரைமணி நேரம் வண்டியைப் பழக்கினேன். பனியில் ஓட்டப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் இதைச் செய்துவிட்டுத்தான் சாலைக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழுதாக மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடவென்று துடிக்க வண்டி நேராக நின்றது. நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு வளைவில் கொஞ்சம் மிதித்தால் வால் வெளியே போகிறது, ஆனால் நிதானமாகப் போகிறது. எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க நேரம் கிடைக்கிறது. இந்த வண்டியின் எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழப் பாதிப் பாதி. வெறும் பிக்கப் வண்டியில் பின்சக்கரத்தின் மேல் எடையே இருக்காது. பின்சக்கர வண்டி என்றால் பனியில் ஆகாது என்ற பேச்சு அப்படிப்பட்ட வண்டிகளிலிருந்தும், மொட்டை டயர் போட்ட பழைய கார்களிலிருந்தும் வந்திருக்க வேண்டும். டிக்கியில் மணல் மூட்டை போடுங்கள் என்று எனக்குப் பலர் சொன்னார்கள். பிக்கப் வண்டிக்கு அது பொருந்தும்; இதில் அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடை, வால் ஒருமுறை சுழலத் தொடங்கினால் அதை நிறுத்த விடாது.

பழைய நகரின் கோட் த லா மொந்தாஞ் ஏற்றத்தில் விளக்குக்கு நின்று கிளம்ப வேண்டியிருந்தது. முதல் கியரில் பின்சக்கரம் சுழன்று பனியை மெழுகியது. இரண்டாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டதும் ஏறிவிட்டது. பின் அச்சில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்ற பாகம் இருப்பதால், ஒன்று மட்டும் வீணாகச் சுழலாமல், இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து தள்ளுகின்றன. ஓரம் சரிந்த சாலையில் அதற்கும் ஒரு விலை உண்டு: இரண்டும் சேர்ந்தே வழுக்கினால் வண்டி நடைபாதைப் பக்கமாக நகரும்.

மாலையில் பட்டாணி சூப்பும் ரொட்டியும் 11 டாலர். சாப்பிட்டு வெளியே வந்தால் தெருமுனைக் கம்பத்தில் ஆரஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு பனி வாரும் இயந்திரங்கள் வருகின்றன, தெருவில் வண்டி நிற்கக் கூடாது என்பதற்கான அறிவிப்பு அது. நின்றால் இழுத்துச் சென்றுவிடுவார்கள். மைனஸ் 22இல், இரவு பத்தரை மணிக்கு, நிலத்தடி நிறுத்தம் தேடி 26 டாலர் கட்டினோம்.

பிப்ரவரி 6, பே-சான்-போல்

உப்பு ஏறத்தாழ மைனஸ் 15க்குக் கீழே வேலை செய்யாது. ஆகவே நெடுஞ்சாலை 138இல் மலை தொடங்கும் இடத்திலிருந்து உப்புக்குப் பதிலாக மணலும் பொடிக்கல்லும் தூவியிருந்தார்கள். அடியில் வெண்மையாக இறுகிய பனி. ஏற்றம் எதுவும் எங்களைத் தடுக்கவில்லை. யோசிக்க வைத்தவை இறக்கங்கள். கியரைக் குறைத்து எஞ்சினைக்கொண்டு வேகத்தைக் கட்டுங்கள் என்பது மலைச்சாலைப் பாடம், ஊட்டியிலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் பின்சக்கர வண்டியில் அந்தக் கட்டுப்பாடு முழுவதும் பின்சக்கரத்தில் மட்டுமே விழுகிறது. பனியில் கியரை முரட்டுத்தனமாகக் குறைத்தால் கைப்பிரேக் இழுத்த கதைதான். மூன்றாவது கியரில் வைத்துக்கொண்டு, நான்கு சக்கரமும் பங்கிட்டுக்கொள்ளும்படி பிரேக்கை மெல்ல மிதித்தே இறங்கினேன். ஊருக்குள் இறங்கும் நீண்ட சரிவில் நான்குசக்கர இயக்கமுள்ள பெரிய எஸ்யூவி ஒன்று மூக்கைப் பள்ளத்தில் வைத்துக் கிடந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, இழுக்கும் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். நான்கு சக்கரமும் தள்ளினால் கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது.

விடுதிக்காரப் பெண்மணி தூர்த்தியேர் என்ற, இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டமும், சர்க்கரை நிரப்பிச் சுட்ட இன்னொரு மாவுப் பண்டமும் செய்து வைத்திருந்தார். அந்தச் சர்க்கரைப் பண்டத்தின் ஒரு துண்டை இருவரும் சேர்ந்தும் முடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 7, லெ எபூல்மான்

ஷார்லெவ்வா நிலம் ஒரு விண்கல் மோதி உண்டான பள்ளம், சுமார் 54 கிலோமீட்டர் விட்டம். மலைகள் செங்குத்தாக நின்று சட்டென்று செயின்ட் லாரன்ஸ் நதிக்குள் விழுகின்றன. 362ஆம் சாலையில் உள்ள லெ எபூல்மான் ஊரிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கும் சரிவு அப்படிப்பட்டது. 1997 அக்டோபர் 13 அன்று முதியோரை ஏற்றிவந்த பேருந்து பிரேக் இழந்து இந்த இறக்கத்தின் அடியில் பள்ளத்தில் பாய்ந்து 44 பேர் இறந்தார்கள். அன்று சாலையில் பனி இல்லை. சரிவின் தலையில் நிறுத்தி, பிரேக்கை ஒருமுறை சோதித்துவிட்டு, இரண்டாவது கியரில் இறங்கினோம். பேச்சு இல்லை, மனைவி முறுக்குப் பையை மடித்து மூடிக்கொண்டார்.

கீழேயிருந்து ஈல்-ஓ-கூத்ர் தீவுக்குப் படகு இலவசம், குளிர்காலத்திலும் பனிக்கட்டிகளை உடைத்துக்கொண்டு ஓடுகிறது. திரும்பும்போது அதே சரிவில் ஏற வேண்டும். படகிலிருந்து இறங்கிய வண்டிகள் எல்லாம் போகட்டும் என்று காத்திருந்து, முன்னால் பாதை வெறுமையானதும், வேகத்தைத் தொலைக்காமல் இரண்டாவது கியரிலேயே ஏறினேன். நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, வண்டி நிற்கவில்லை.

தோற்றது வேறொரு இடத்தில். இரவெல்லாம் பனி கொட்டியதால் எட்டாம் தேதி காலை விடுதி வாசலில் பனி தள்ளும் வண்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பை விட்டுச் சென்றிருந்தது. வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து 14 சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. மேலோட்டமாக வாரிவிட்டு வெளியே எடுத்தபோது அடிப்பகுதி இறுகிய பனியின்மேல் உட்கார்ந்துகொண்டது. டயரின் மேல் எடையே இல்லாமல் போனால் எந்த ரப்பரும் பிடிக்காது. நான் படுத்துக்கொண்டு அடியிலிருந்து பனியைச் சுரண்ட, எதிர்வீட்டு முதியவர் இரும்பு ஷவலோடு வந்து பக்கவாட்டிலிருந்து வெட்டினார். முக்கால் மணி நேரம். பணத்துக்குக் கையை உதறிவிட்டார். முறுக்கை மட்டும் வாங்கி ஒன்றைக் கடித்து, பல் உடையவில்லை என்று உறுதி செய்துகொண்டபின் மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 10, மீண்டும் 401

கிங்ஸ்டனுக்கு மேற்கே பிளஸ் 4, மழை. இந்த வெப்பத்தில் விண்டர் டயர் ஈரத் தார்ச்சாலையில் நன்றாக நிற்பதில்லை. முன்வண்டிக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விட வேண்டியிருந்தது. ஏப்ரலில் கழற்றியே ஆக வேண்டும், கோடையில் ஓட்டினால் சைப் எல்லாம் ஒரே பருவத்தில் தேய்ந்துவிடும். இந்த வண்டிக்குப் பனிக்காலத்தில் குறை என்று நான் சொல்வது உயரத்தை மட்டும்தான். பத்து சென்டிமீட்டருக்கு மேல் புதுப்பனி விழுந்த காலையில், தெருவை வாரி முடிக்கும்வரை வீட்டிலேயே இருப்பேன். மற்ற நாட்களில் உறை போட்டு மூட இனிக் காரணம் இல்லை.

ஸ்கார்பரோவில் அடிப்புறத்துக்கும் தண்ணீர் பீய்ச்சும் கழுவுநிலையத்தில் 18 டாலர் கொடுத்து உப்பைக் கழுவினோம். எங்களுக்கு முன்னால் பதினொரு வண்டிகள். இரவில் மீண்டும் மைனஸ் 9க்கு இறங்கியதால் காலையில் ஓட்டுநர் பக்கக் கதவு ரப்பரோடு ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை; மனைவியின் பக்கமாக ஏறி, கியரைத் தாண்டி உட்கார்ந்து அலுவலகம் போனேன்.